கைக்கெட்டிய இலை

முந்திரி ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குப் பெயர் பாலிஷக்கா. விரலில் ஒருநாளும் நகச்சாயம் பூசாதவள். வாங்குவதெல்லாம் இலைகளுக்கு. இலையின் அடிப்பக்கம் பூசி, காய்ந்ததும் டேப் ஒட்டி உரித்தால் இலைத்துளைகள் அச்சாக வந்துவிடும். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவது அவள் வேலை. துளை குறைந்த ரகம் தண்ணீரைச் சிக்கனமாகக் குடிக்கும் என்பது பண்ணையின் கணக்கு.

"மரத்துக்கெல்லாம் பூசற, எனக்கு ஒரு விரலுக்காவது பூசிவிடேன்" என்று காவலாளி கையை நீட்டுவார்.

"உங்க விரலுக்கு ஒரு பாட்டில் பத்தாதுண்ணே."

குட்டை, நெட்டை என்று அங்கிருந்த இரண்டு ரகங்களில், அவள் எண்ணியதில் நெட்டைக்குத்தான் துளை குறைவு. உடனே தம்பியின் காதில் போட்டாள். ஒரே கிணற்றை நம்பிப் பிழைப்பவன். அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. நிலம் முழுக்க நெட்டையையே நட்டான்.

மரங்கள் காய்க்கத் தொடங்கிய கோடையில் போன் வந்தது.

"கேணியில சேறுதான்கா இருக்கு. குடம் குடமா குடிக்குது இந்த மரம்."

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு நெட்டை மரத்தடிக்குப் போனாள். அத்தனை வருடமும் அந்த ஏணி கொட்டகையில்தான் கிடந்தது. குட்டை மரங்களில் வெயில் குளித்த உச்சி இலையே கைக்கு எட்டும். நெட்டையில் எட்டியது நிழலில் தொங்கிய அடிக்கிளை. அதில்தான் பறித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அதே மரத்து இலைதானே என்ற நினைப்பு; நிழலில் வளர்ந்த இலைக்குத் துளை குறையும் என்று யோசிக்கவில்லை.

உச்சி இலை சிறியதாகவும் தடித்தும் இருந்தது. பூசியது காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள். லென்ஸுக்கடியில் துளைகள் ஈ மொய்த்தாற்போல் நெருங்கிக் கிடந்தன. குட்டையைவிட அதிகம் என்று சொல்ல எண்ண வேண்டியதே இல்லை.

சொல்லிவிடுவது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். வெட்டிய மரங்கள் வேலியோரம் குவிந்திருந்தன. தம்பி மனைவி அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"லாரித் தண்ணி அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க."

"நெலம் காலியாயிடுச்சு. அடுத்து எத வைக்கலாம், நீயே சொல்லுக்கா" என்றான் தம்பி.

"என்னைக் கேக்காதடா. வேற யாரையாவது கேளு."

"பாத்தியா, கோவம்! மழை ஏமாத்தினா நீ என்ன பண்ணுவ? உன்ன நான் ஒரு வார்த்த சொன்னேனா?"

சொல்லவில்லைதான். பார்ப்பவர்களிடமெல்லாம் அவன் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள்.

"குட்டைய வை" என்றாள்.

"இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்று சிரித்தான் அவன். அவள் அந்த அரை டம்ளரையும் குடித்து முடித்தாள்.