துண்டுக்கடியில் கொடுத்த கை

டிவியில் என்னைக் காட்டிய மறுநாள் காலை, ஆட்டை இறக்கிவிடக் கறிக்கடைக்குப் போனேன். கடைக்கார இக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "எந்தா அண்ணாச்சி, இந்த ஆடு உங்களோடதா, அளியனோடதா?"

மலையாளத்தில் இக்கா என்றால் அண்ணன், அளியன் என்றால் மச்சான். கறி வாங்க நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் ஒரு வாரம் இதையே பேசுவார்கள் என்று பயம். சிரித்தும் அவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் பேசினார்கள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நானும் அவரும் வெகுகாலமாக ஆட்டு வியாபாரத்தில் கூட்டு. வாரா வாரம் பொள்ளாச்சிப் பக்கம் சந்தைக்குப் போய் ஆடு பிடித்து, பாலக்காடு வழியாக மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்து கறிக்கடைகளுக்குக் கொடுப்போம். பக்ரீத் பெருநாள் சமயத்தில் வீடுகளுக்கும் விற்போம். அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒன்றையொன்று பிடித்திருக்க, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைத் தொட்டுத்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்திப் பிடித்து விட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பக்கத்திலிருப்பவன் இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் விற்றவர் திரும்பிப் பார்க்கமாட்டார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. அப்படிக் கொடுத்த கையை மாற்றியவர் என்று அந்தச் சந்தையில் ஒருவரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை.

எங்களில் கை போடுவது மச்சான். நான் பின்னால் நின்று ஆட்டின் பல்லை, கண்ணை, காலைப் பார்ப்பேன். கவலைப்படுவதும் என் வேலைதான். வாடகை வண்டிக்காரன் நேரத்துக்கு வரமாட்டான். வந்தால் வழியில் சாயாக் கடை சாயாக் கடையாக நிறுத்துவான். வெயிலில் ஆடு நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கும். எந்த ஆடு எப்போது விழுமோ என்று நான் பின்பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவேன். ஒரு குட்டியானை, அதுதான் அந்தச் சின்னச் சரக்கு வண்டி, சொந்தமாக இருந்தால் போதும் என்று நாங்கள் பேசாத பயணம் இல்லை.

அந்தக் குட்டியானையைத்தான் டிவிக்காரர்கள் பரிசு என்றார்கள்.

இடப்பள்ளி மாலில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னது மச்சானின் மகள். களமசேரியில் காலேஜில் படிக்கிறாள். தொழில் கூட்டாளிகள் சோடி சோடியாக வந்து ஆடும் நிகழ்ச்சி. எங்களை எப்படி எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆட்டு வியாபாரம் என்று கேட்டதும் அங்கே இருந்த பெண்பிள்ளைகள் சிரித்தார்கள், அதனாலேயே இருக்கலாம்.

ஆட்டத்தின் கடைசிச் சுற்றை எனக்கு விளக்கியதும் அவள்தான். மச்சான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வண்டிய ஜெயிச்சிட்டீங்கனு வைங்க. அப்ப ரெண்டு பட்டன் தருவாங்க. பச்சன்னா பங்கு. சிவப்புன்னா எனக்கே. ரெண்டு பேரும் பச்ச அமுத்துனா வண்டி ரெண்டு பேர் பேர்ல. ஒருத்தர் பச்ச, ஒருத்தர் சிவப்புன்னா, சிவப்பு அமுத்துனவருக்கு முழு வண்டி. ரெண்டும் சிவப்புன்னா வண்டி டிவிக்காரங்களுக்கே போயிரும்."

"நாங்க ரெண்டு பேரும் பச்சதான அமுத்துவோம்."

"இருங்க." அவள் தன் அப்பா பக்கம் கையைக் காட்டினாள். "அத்தா பச்ச அமுத்துறாங்கனு வைங்க. உங்களுக்கு எது லாபம்?"

யோசித்தேன். "சிவப்பு."

"அத்தா சிவப்பு அமுத்துறாங்கனு வைங்க. நீங்க எத அமுத்துனாலும் உங்களுக்கு ஒண்ணுமில்ல. அப்ப சிவப்புல உங்களுக்கு நட்டம் எங்க இருக்கு?"

"அப்ப எப்படிப் பார்த்தாலும் சிவப்புன்னு சொல்ற."

"நான் சொல்லல மாமா. கணக்கு சொல்லுது."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். "காசு கட்டிப் படிக்கவெச்சா, குடும்பத்தப் பிரிக்கிற படிப்பா படிச்சிட்டு வந்திருக்கா."

"திரும்பத் திரும்ப ஆடுறதுன்னா வேற மாதிரி அத்தா. இந்த வாரம் நீங்க ஏமாத்துனா அடுத்த வாரம் அவங்க ஏமாத்துவாங்க. அந்தப் பயத்துலயே ரெண்டு பேரும் ஒழுங்கா இருப்பாங்க. சந்தை அப்படித்தான. டிவில ஒரு தடவதான்."

மச்சான் சிரித்தபடியே சாயாவைக் குடித்தார். நான்தான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவர் என்னை ஏமாற்றுவார் என்ற பயம் எனக்கு வரவே இல்லை. நான் ஏமாற்றிவிடுவேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்றுதான் பயந்தேன். அப்படி நினைத்தால் அவரும் சிவப்புக்குப் போவார். போனால் எனக்குப் பங்கில்லை; அதற்குப் பயந்து நானும் சிவப்புக்குப் போனால் இருவருக்கும் வண்டி இல்லை. இதை நான் யோசிக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தால் அவர் என்ன யோசிப்பார்? எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இது பெரிய கணக்கு. வழியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் "பச்சதான மச்சான்" என்று கேட்டேன். "பச்சதான்டா மாப்ள, எத்தன தடவ கேப்ப" என்றார் அவர்.

மனைவியிடமும் புலம்பினேன். "எங்கண்ணன் கைய நம்பாம வேற யார் கைய நம்பப் போறீங்க" என்றாள். "மொதல்ல இது சூதாட்டம் மாதிரி இருக்கு. அதுக்குக் கவலப்படுங்க."

களமசேரியில் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகையை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். சந்தைக்குப் போகிற மாதிரியே வரவேண்டும் என்று சொல்லியிருந்ததால் இரண்டு பேரும் கைலி, தோளில் துண்டு. விளக்குச் சூட்டில் எனக்கு வேர்த்துக் கொட்டியது. மேடையின் ஓரத்தில் அந்த வண்டி வெள்ளையாக, மாலை போட்டு நின்றது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

கேள்விகள் மலையாளத்தில். பெரும்பாலும் மச்சான்தான் சொன்னார். கடைசிக் கேள்வி எங்களுக்கென்றே வைத்திருப்பார்கள் போல. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் உண்டா? மச்சான் உண்டு என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் தொடையைப் பிடித்து நிறுத்தி, இல்லை என்றேன். வண்டி எங்களுடையதானது. கொட்டகை முழுக்கக் கைதட்டினார்கள். நிகழ்ச்சி நடத்திய பெண் என் பக்கம் திரும்பி, "சேட்டா, டென்ஷனுண்டோ?" என்று கேட்டாள். உண்டு என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பட்டன்களை வைத்தார்கள். அமுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பேசிக்கொள்ளலாம். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, என் கையைப் பிடித்து, மேலே போட்டு மூடினார். கூட்டத்துக்கு அது வேடிக்கையாக இருந்தது. அந்தப் பெண் இது என்ன என்று கேட்க, அவர் சந்தைப் பழக்கத்தைச் சொன்னார். கேமராவைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். துண்டுக்கடியில் அவர் என் ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தி, பிடித்து, விட்டார்.

இத்தனை நாள் என் நெஞ்சில் கிடந்த பாரம் அந்த ஒரு பிடியில் இறங்கிவிட்டது. இனி யோசிக்க ஒன்றும் இல்லை. கை கொடுத்தாயிற்று. வண்டிக்கு எந்த இடத்தில் நிழல் கிடைக்கும், எங்கே நிறுத்தலாம் என்றுகூட யோசித்துக்கொண்டே பச்சையை அமுத்தினேன்.

பெரிய திரையில் என் பக்கம் பச்சை எரிந்தது. அவர் பக்கம் சிவப்பு.

கைதட்டல் அதிகமாகத்தான் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்தார். அந்தப் பெண் என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. சாவியைக் கொடுத்துப் படம் எடுக்கும்போது என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். படம் எடுத்து முடிந்ததும் தனியாக பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மச்சான் வந்தார். இனிப்போடு வந்தார் என்பதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"கை குடுத்தீங்களே மச்சான்" என்றேன். வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"குடுத்தேன். துண்டு போட்டுத்தான குடுத்தேன்."

"அதுக்குத்தான நான் பச்ச அமுத்துனேன்."

"மாப்ள, இத்தன வருசத்துல நம்ம ரெண்டு பேருக்குள்ள என்னிக்காவது துண்டு போட்டிருக்கோமா? கூட்டாளிக்கு எவனாவது துண்டு போடுவானா? எதிர்ல நிக்கிற ஆளுக்குத்தான் துண்டு. நான் துண்டு விரிச்சப்பவே உனக்கு வெளங்கியிருக்கணும். நீ வித்த, நான் வாங்குனேன். அதுக்குப் போயி அழுதா எப்படி?"

அவர் சொன்னது உண்மை. சந்தையில் நாங்கள் இருவரும் எப்போதும் துண்டுக்கு ஒரே பக்கம் நின்றவர்கள். எங்களுக்குள் பேசவேண்டியதை ஓரமாகப் போய் வாயால் பேசிக்கொள்வோம். அந்தச் சந்தைக்குப் போகாத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். மேடையில் ஒருவன் துண்டைப் போட்டு மூடினால், எதையோ மறைக்கிறான் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். அந்தப் பிடியை உயிராக மதித்ததால்தான் நான் ஏமாந்தேன். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் வாயால் சொல்லாமல் கையால் சொன்னார்.

"அண்ணே, இனிப்ப எடுத்துட்டுப் போ" என்றாள் என் மனைவி. அவர் எடுக்கவில்லை. அது அலமாரியில் இருந்து எறும்பு மொய்த்தது.

கூட்டு முடிந்தது. அவர் தன் வண்டியில் தனியாகச் சந்தைக்குப் போனார். நானும் விடுவேனா என்று வாடகைக்கு ஒரு வண்டி பிடித்துப் போனேன். அந்த நிகழ்ச்சி போனில் வந்து அங்கேயும் எல்லாரும் பார்த்திருந்தார்கள். இனி அவருக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஆனால் மச்சானின் துண்டுக்கடியில் வழக்கம்போல் கைகள் போய் வந்துகொண்டிருந்தன.

எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு ஆட்டுக்காரக் கவுண்டர் என் பக்கம் துண்டை விரித்தார். கையை உள்ளே விட்டேன். அவர் என் விரலைப் பிடித்ததும் கையை வெளியே உருவிவிட்டேன். "வாயால சொல்லுங்க" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டரின் முகம் மாறிவிட்டது.

"ஏனுங் பாய், எங்கைமேல நம்பிக்கையில்லீங்களா?"

"உங்க கையில்லீங்க. நீங்களுந்தான் பார்த்தீங்கல்ல, எங்க மச்சான் என்ன பண்ணுனார்னு."

"அது டிவிங்க பாய். ஆட்டம். அவரு இந்தச் சந்தைல ஒருக்காக்கூட கை மாத்துனதில்லீங்களே." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்கதானுங்க இப்பக் கைய உருவிட்டீங்க."

அன்று எனக்கு ஒருவரும் ஆடு கொடுக்கவில்லை. வெறும் வண்டிக்கு வாடகை கொடுத்துத் திரும்பினேன். அடுத்த வாரமும் போனேன், கையை உள்ளே விட முடியவில்லை. அதற்குப் பிறகு போகவில்லை. கை கொடுத்து மாற்றியவருக்குச் சந்தை இருக்கிறது. நம்பிக் கெட்டவனுக்கு இல்லை. மச்சானின் மகள் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பாள். நான் கேட்கவில்லை. அவளும் என் கண்ணைப் பார்ப்பதில்லை.

இப்போது எதிர்க்கரையில் வைப்பின் தீவில், வீடுகளில் வளர்க்கும் ஆடுகளை ஒன்று இரண்டாக வாங்குகிறேன். அங்கே எல்லாம் வாய்ப்பேச்சுதான். கார்களையும் ஏற்றிக்கொண்டு வரும் ஜங்கார் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோடு நிற்பேன். காரில் வருகிறவர்கள் இறங்கி வந்து படம் பிடிப்பார்கள். ஆடு அலையைப் பார்த்து மிரண்டு கடலில் குதித்துவிடுமோ என்ற கவலை இந்தக் கரை வரும்வரை போகாது.

போன பக்ரீத் பெருநாளன்று வாசலில் அந்த வெள்ளை வண்டி வந்து நின்றது. மச்சான் இறங்கினார். பெருநாளுக்கு அறுத்த குர்பானிக் கறி, பையில். அந்தக் கறியை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று.

என் மனைவி பையை வாங்கவில்லை. "இது எந்தப் பங்குண்ணே?" என்று கேட்டாள்.

"என்ன கேள்வி இது. தங்கச்சிக்குக் குடுக்குறேன்."

"கேட்டதுக்குச் சொல்லு. சொந்தக்காரங்க பங்கா, இல்லாதவங்க பங்கா?"

அவர் அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று பார்த்தாரா, என்னைப் பார்த்துவிட்டு எந்தப் பங்கு என்று முடிவு செய்தாரா, தெரியவில்லை. "எதுன்னு நெனச்சாலும் சரி, கெட்டுப்போறதுக்குள்ள எடுத்து வை" என்று சொல்லி, பையைப் படியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு பையை எடுத்து உள்ளே போனாள். எனக்கு அதில் ஒரு வாய்கூட இறங்காது என்றுதான் நினைத்தேன். மத்தியானம் இலையில் வைத்தாள். சாப்பிட்டேன். இரண்டாவது முறை அவள் கரண்டியை நீட்டியபோதும் போதும் என்று நான் சொல்லவில்லை.