போட்டியின்றித் தெரிவு

ஊரில் என் கணவரை எதிர்த்து இரண்டு முறை தேர்தலில் நின்று, இரண்டு முறையும் தோற்றவர், டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மணியை அடித்தார். அவருடைய சின்னம் குடை. அதனால் எங்கள் வீட்டில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். தோற்ற நாளிலிருந்து எங்களோடு கோபம், கதைபேச்சு இல்லை. படலையடியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷன், இங்கே மழையில் தெப்பமாக நனைந்து வாசலில் நிற்கிறார். கிழமை முழுக்க மீன் தொழிற்சாலையில் நின்று வேலை செய்த களைப்பு எனக்கு. அவரைக் கண்டதும் முதலில் வந்தது எரிச்சல்தான்.

என் கணவரின் அரசியல் ஒன்றும் பெரிய அரசியல் அல்ல. கிராம சபை உறுப்பினர். ஒழுங்கைக்கு விளக்கு, பொதுக்கிணற்றுக்குக் கட்டு, சந்தைக்குப் பின்னால் வாய்க்கால், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வோட்டுக்கும் வீடு வீடாக ஏறி இறங்குவார். தனக்குப் போடமாட்டார்கள் என்று நன்றாகத் தெரிந்த வீட்டுக்கும் போய், "எனக்குப் போடாட்டிலும் பரவாயில்லை, குடைக்கெண்டாலும் வந்து போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவார். இப்படியும் ஒரு மனுஷனா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பிறகு அரசாங்கம் கிராம சபைகளை ஒழித்துவிட்டது. அடுத்து வந்த ஒரு தேர்தலுக்கு அவர் வேட்புமனுக் கொடுத்தபோது, துவக்கோடு இயக்கப் பெடியள் வந்தார்கள். எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். மிக மரியாதையாக, தேர்தலில் நிற்க வேண்டாம் என்றார்கள். அடுத்த நாளே, சகல அரசியல் நடவடிக்கைகளிலிருந்தும் விலகிக்கொள்கிறேன் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். அந்த நாட்களில் அப்படியான விளம்பரங்கள் மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் வரும். குடைக்காரரும் ஒன்று கொடுத்தார். ஒரு தேர்தலில் இரண்டு பேரும் சேர்ந்து தோற்றது அந்த முறைதான்.

நாங்கள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தோம். மூத்தவனை யாழ்ப்பாணத்தில் என் அண்ணனிடம் விட்டிருந்தோம். அவனைக் கூப்பிடுவதற்கான அலுவல்கள் இழுபட்டுக்கொண்டே இருந்தன. காலையில் எழும்பும்போதும் அவன்தான் நினைவு, படுக்கும்போதும் அவன்தான்.

குடைக்காரருக்குத் துவாயும் தேத்தண்ணியும் கொடுத்தேன். அவர் வந்த விஷயத்துக்கு நேரே வந்தார்.

"இஞ்ச எங்கடை ஆக்களுக்குச் சங்கம் தொடங்கினம். என்னைத் தலைவராப் போடப்போயினமாம். அந்தப் பெடியளுக்கு வேண்டிய ஆக்கள்தான் முடிவெடுத்தவை. போட்டியில்லை, ஏகமனதாத் தெரிவாம்."

"நல்லதுதானே," என்றார் என் கணவர்.

"என்ன நல்லது? ரண்டு தரம் உம்மட்டைத் தோத்தனான். ஒருக்காலெண்டாலும் ஒழுங்கா வெல்லவேணுமெண்டு எனக்கு ஆசையிருக்காதே? நீர் எதிர்த்து நில்லும். திரும்பவும் தோத்தாலும் பரவாயில்லை."

என் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். வந்த நாளிலிருந்து அவரை அப்படி நான் கண்டதில்லை. அதைக் கண்டதும் நான் இடையில் புகுந்தேன்.

"அண்ணை," என்றேன் குடைக்காரரிடம், "எங்கடை மூத்தவன் இன்னும் அங்கைதான் இருக்கிறான். இஞ்ச ஆர் ஆரை எதிர்த்து நிண்டதெண்டு அங்கை போய்ச் சேர எவ்வளவு நேரம் செல்லும்? அவனுக்கொண்டு நடந்தா நீங்களே பதில் சொல்லுவியள்?"

குடைக்காரர் குனிந்து தேத்தண்ணியைப் பார்த்தார். என் கணவர் திரும்பவும் கதிரையில் சாய்ந்துகொண்டார். மழை விட்டதும் குடைக்காரர் எழும்பிப் போனார்.

அந்த நாட்களில்தான் இந்த ஊர் நகரசபைத் தேர்தலும் நடந்தது. என் கணவருக்கு டேனிஷ் படிப்பித்த ரீச்சர் அதில் நின்று தோற்றுப்போனா. மறுநாள் வகுப்புக்கு ஒரு பெரிய கேக் செய்து கொண்டுவந்து, தோற்றுவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தாவாம். "தோத்துப்போய்க் கேக் கொண்டுவந்தவ, நீர் நம்புவீரே?" என்று என் கணவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நின்று நின்று வந்த நாரி நோவோடு சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். கேக்கின் ருசி எப்படி என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

சங்கக் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குடைக்காரரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். "வேறை பேர் இருக்கோ?" என்று முன்னுக்கு நின்றவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கணவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். குடைக்காரர் மேசைக்குப் பின்னால் போய் இருந்து எங்களையே பார்த்தார். அந்த மழை ஞாயிற்றுக்கிழமை போன என் உயிர் திரும்பி வந்தது. அதில் எனக்கு வெட்கமில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சங்கமும் சபையும் பிறகுதான்.

அடுத்த இலையுதிர் காலத்தில் மூத்தவன் வந்து சேர்ந்தான். மெலிந்துபோய், மீசை அரும்பி, ஸ்டேஷனில் இறங்கினான். அதற்குப் பிறகுதான் நான் நித்திரை என்று ஒன்றைக் கொண்டேன்.

சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் அதே மண்டபத்தில் நடந்தது. திரும்பவும் குடைக்காரர், திரும்பவும் முன்மொழிவு, வழிமொழிவு. "வேறை பேர் இருக்கோ?"

இப்போது எங்கள் பிள்ளை எங்களோடு இருக்கிறான். இனி எதற்குப் பயம்? நான் பக்கத்தில் இருந்த என் கணவரின் முழங்கையை இடித்தேன். "இஞ்சாருங்கோ, எழும்பி நிக்கிறன் எண்டு சொல்லுங்கோவன்."

அவர் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். மேசைக்குப் பின்னால் குடைக்காரர் கழுத்தை நீட்டி எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயரைத் தானே சொல்ல என் கணவருக்குக் கூச்சமாக்கும் என்று நினைத்தேன். சரி, நான் முன்மொழிகிறேன். என் வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் கை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன்.

தோளுக்கு மேலே போகுமுன் அவர் என் கையைப் பிடித்து, நோகாமல், மெல்லக் கீழே இறக்கினார்.

"விடும்," என்றார். "எனக்கு இப்பிடியே இருந்து பழகிப்போச்சு."

பிறகு என் கையை விட்டுவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார்.