முன் கண்ணாடியின் வலது மூலை

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. கதை கட்டிப் பேசும் ஆள் இல்லை அவர். காலடியில் பாம்பு வந்தால்கூட "ஓரமாப் போ, வேலை இருக்கு" என்று சொல்கிறவர். நடந்ததும் நள்ளிரவில் இல்லை. பட்டப்பகலில்.

அண்ணன் பழைய கார்களைப் புதுசாக்கித் தரும் பட்டறை வைத்திருந்தார். அவருக்குத் தோள்பட்டை கெட்டுப்போன பிறகு அண்ணிதான் அதை நடத்தினார். பக்கத்துப் பட்டறை டிங்கருக்கு அது பொறுக்கவில்லை. கரண்டி பிடித்த கை ஸ்பேனர் பிடித்தால் வண்டி கொதிக்கத்தான் செய்யும் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அண்ணனுக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. இந்த ஒரு வண்டி சரியாகப் போகாவிட்டால் பட்டறைச் சாவியை டிங்கரிடமே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். அண்ணி ஒரே வார்த்தைதான் சொன்னார். "போகும்."

அது தாத்தா காலத்து நாலு கதவு கார். சொந்தக்காரர் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பெயிண்ட், சீட் எல்லாம் முடிந்து முன் கண்ணாடி மட்டும் பாக்கி.

ஞாயிறு காலை அதையும் ஏற்றினார்கள். கண்ணாடியைச் சுற்றி ரப்பர், ரப்பரின் காடியில் கயிறு, எங்கும் சோப்புத் தண்ணீர். அண்ணி உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க, அண்ணன் வெளியே நின்று நல்ல கையால் அழுத்த, கண்ணாடி பதவிசாக உட்கார்ந்தது. இனி வெளிப்பக்கம் ரப்பருக்குள் குரோம் பீடிங்கை, அந்தப் பளபளப்பான மெல்லிய பட்டையை, திணிக்க வேண்டியதுதான். அது ஏறினால்தான் ரப்பர் இறுகும், கண்ணாடி அசையாது. அதற்கு ஒரு ஆள் போதும் என்று அண்ணன் சாப்பிடப் போனார்.

அண்ணி இடது பக்கம் ஆரம்பித்தார். மேலே முடிந்தது. வலது பக்கமும் முடிந்தது. கீழே வலது மூலையில் பீடிங்கை அமுக்கிவிட்டுத் திரும்பினார்.

டப்.

பீடிங் வெளியே வந்து நின்றது. சோப்பு அதிகமாகிவிட்டது போல என்று துடைத்துவிட்டு மறுபடி ஏற்றினார்.

டப்.

அதே மூலை. இந்த முறை ரப்பரும் நாக்குத் துருத்தியது போல வெளியே பிதுங்கியிருந்தது.

அண்ணி உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார்.

உள்ளிருந்து யாரோ திருப்பி அழுத்தினார்கள்...

கையை எடுத்தார். கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாக ஆவி படிந்திருந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது. மூச்சு விடுவது மாதிரி.

சீட்டில் யாரும் இல்லை.

ஓடியிருக்கலாம். ஓடினால் ஆறு மணிக்கு வண்டி போகாது. அண்ணி நாலு கதவையும் அகலத் திறந்து வைத்தார்.

"எறங்கு."

ஆவி படிந்தது. மறைந்தது. அதே மூலையில்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குக் கதவு தெரியவில்லை. கண்ணாடிதான் தெரிகிறது.

பானெட் மேல் பழைய மெத்தையை விரித்தார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். காலையில் ஏற்றிய கண்ணாடியைத் திரும்பக் கழற்ற ஒரே வழி, உள்ளிருந்து தள்ளுவது. இரண்டு காலையும் கண்ணாடியில் ஊன்றினார்.

"நானும் தள்றேன். நீயும் தள்ளு. உடைஞ்சுது, உன்னை விட மாட்டேன்."

தள்ளினார்.

பக்கத்து சீட் அமுங்கியது...

வலது மூலை தானாக வெளியே போனது.

கண்ணாடி மெத்தையில் சரிந்தது. உடையவில்லை. சில்லென்று ஒரு காற்று அவர் முகத்தை உரசிக்கொண்டு வெளியேறியது.

அண்ணி வண்டியை விட்டு இறங்கினார். ஆபீஸ் அறைக்குப் போய் பிளாஸ்க்கில் இருந்த டீயைக் குடித்தார். வெளியே வரும்போது வழக்கம் போலக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அண்ணன் திரும்பி வந்து, கழன்று கிடந்த கண்ணாடியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். வாயை மூடிக்கொண்டு அழுத்தச் சொன்னார் அண்ணி. இந்தத் தடவை கண்ணாடியும் பீடிங்கும் வெண்ணெயில் கத்தி போல இறங்கின.

ஆறு மணிக்குக் கப்பல்காரர் வந்தார். பீடிங்கை விரலால் தடவிப் பார்த்தார். அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிங்கர் தன் வாசலிலேயே நின்று பார்த்தார். சிரிக்கவில்லை. பட்டறைச் சாவியை அண்ணன் அண்ணியிடம் நீட்டினார்.

வண்டியின் பழைய கண்ணாடி என்ன ஆயிற்று என்று அண்ணி சும்மா கேட்பது போலக் கேட்டார்.

கப்பல்காரர் தயங்கினார்.

"நான் வாங்கும்போதே அது இல்லம்மா. முன்னாடி வச்சிருந்தவர் உள்ளே இருக்கும்போது கதவெல்லாம் சிக்கிக்கிச்சாம். ஷெட்டுக்குள்ள நின்ன வண்டி, யாருக்கும் சத்தம் கேக்கலை. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித்தான் உடம்பை எடுத்தாங்க. கீழ் மூலையில உள்ளேருந்து உதைச்ச தடம் இருந்துச்சுன்னு சொன்னாங்க."

அவர் முடிக்கவில்லை. பின்னால் ஆபீஸ் அறை ஜன்னலில்...

டப்.

மூவரும் திரும்பினார்கள். சாத்திய அறை. உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் கண்ணாடியின் கீழ் மூலையில் வட்டமாக ஆவி படிந்து கொண்டிருந்தது.

அண்ணன் இரண்டு அடி பின்னால் போனார். அண்ணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"இரு, இரு. வர்றேன்."

அந்த ஜன்னலுக்கு இன்றுவரை கண்ணாடி கிடையாது.