தம்பி மனைவியின் மேல் நான் போட்ட பழி

என் தம்பி மகளுக்கு இரண்டு கைகளிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிறவியிலேயே குட்டை. முதல் ரத்தப் பரிசோதனையில் ஜீன்களில் பிழை எதுவும் இல்லை என்று வந்தது. வேங்கிக்காலில் தம்பி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை.

"ஜீன் சரியா இருக்குன்னா, வயித்துல இருக்கும்போதுதான் ஏதோ ஆயிருக்கு" என்று தம்பி மனைவியிடம் திரும்பினேன். "மாத்திரை ஏதாவது போட்டியா?"

"மூணாம் மாசம் ஜுரத்துக்கு ஒண்ணு போட்டேன் அண்ணி."

"அதான்" என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம்.

அந்தப் பேச்சு சொந்தக்காரர் வீடெல்லாம் போனது. அவளும் நம்பினாள். பௌர்ணமிதோறும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பரிகாரமாக வெறுங்காலோடு அண்ணாமலையைச் சுற்றி வந்தாள். பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் கால் கொப்பளித்துவிடும். பிள்ளையைக் கொடு என்றால் தரமாட்டாள்.

மூன்று வருடம் கழித்து, சென்னையில் ஒரு மரபியல் மருத்துவர் இன்னும் விரிவான பரிசோதனை எடுத்தார். முடிவு கேட்க அவர்களோடு நானும் போனேன்.

"ஜீன்ல தப்பு இல்லங்கறது சரிதாங்க" என்றார் அந்த டாக்டரம்மா. "ஆனா ரெண்டு ஜீனுக்கு நடுவுல இன்சுலேட்டர்னு ஒரு துண்டு டிஎன்ஏ இருக்கும். ஒரு ஜீனை முடுக்கிவிடற பகுதி, பக்கத்து ஜீனையும் முடுக்கிடாம அது தடுக்கும். பாப்பாவுக்கு அந்தத் துண்டு இல்ல. விரல் வளர்ற நேரத்துல, சும்மா இருக்க வேண்டிய ஜீன் வேலை செஞ்சிருக்கு. அப்பாவுக்கும் இதே குறை இருக்கு, லேசா. மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க."

தம்பி தன் விரல்களை விரித்துப் பார்த்தான். என் கட்டைவிரலும் அவனுடையதைப் போலத்தான் இருக்கும். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடும்மா. தெரியாமலே சொல்லிட்டேன்."

"டீச்சர் சொல்றாங்க, கரெக்டாதான் இருக்கும்னு நெனச்சிட்டேன் அண்ணி" என்றாள். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீடு வீடாகப் போய், இது எங்கள் ரத்தத்தில் வந்தது என்று சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெரியம்மா நம்பவில்லை. "அவளைக் காப்பாத்தறதுக்குச் சொல்றே" என்றார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில், "மாத்திரை போட்டு இப்படி ஆயிடுச்சே, அந்தக் குழந்தையா?" என்று ஒருத்தி கேட்டாள். தம்பி மனைவி தலை குனிவதற்குள் நான் பேச ஆரம்பித்தேன்.