தோற்க நினைத்தவன் கையில் ஏழெழுத்து

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்து நின்றபோதுகூட நான் பதறியதில்லை. அறுந்தால் ஒட்டலாம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் போன் திரையில் ஏழு கட்டைகளில் ஐந்து உயிரெழுத்தாக வந்து விழுந்தால் போதும், உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஆங்கில எழுத்துக் கட்டைகளை வைத்துச் சொல் கட்டும் ஆட்டம் அது. ஸ்மார்ட்போன் வாங்கிய புதிதில் பிடித்துக்கொண்டது. ஆளுக்கு ஏழு கட்டை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளிக்கணக்கு. பலகையில் ஏற்கெனவே நிற்கும் சொல்லோடு ஒட்டினாற்போலப் புதுச் சொல்லை வைக்க வேண்டும். எதிராளி எந்த ஊரிலோ இருப்பார். நாம் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம், அவருக்கு நேரம் கிடைக்கும்போது அவர் வைப்பார். சுரங்கத்துக்குள் போன் ஆகாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆகவே எனக்குக் காலையில் ஜெனரல் ஷிஃப்ட் பஸ்ஸில் ஒரு சொல், சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் ஒரு சொல். இப்படித்தான் உலகத்தின் பல மூலைகளில் இருந்தவர்களையும் நான் நெய்வேலிக் குடியிருப்பின் பிளாக்குகளுக்கு நடுவே போய்க்கொண்டே தோற்கடித்துவந்தேன்.

என் ஆங்கிலத்தைப் பற்றிப் பெருமைப்பட எதுவுமில்லை. மேலதிகாரிக்கு விளக்கம் எழுதும் அளவுக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் இந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்தைவிடச் சிக்கனம்தான் முக்கியம். 'எஸ்' வந்தால் உடனே செலவழிக்கக் கூடாது. எந்தச் சொல்லின் வாலிலும் ஒட்டும் எழுத்து அது, பெரிய இடத்துக்கென்று பத்திரப்படுத்த வேண்டும். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை வந்தால் அது இருப்பதையே மறந்துவிட வேண்டும். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கையில் ஏறக்குறையச் சரிபாதி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நீளமான சொல் தெரியும் என்று அலட்டிக்கொள்வதைவிட, இரண்டெழுத்துச் சொற்களைக் கற்றுவைத்துக்கொண்டு ஒரு சொல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை அணைத்து வைத்தால் இரண்டு பக்கமும் புள்ளி சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரத்தில் இருக்கும், சொல்லின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டத்தை நாம் எடுக்க முடியாவிட்டால், எதிராளிக்கு வழிவிட்டு அதன் பக்கத்தில் போகவே கூடாது.

இவ்வளவு ஞானமும் ஒரே வாரத்தில் எனக்கு எதிராகத் திரும்பியது. மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மகள் அப்போது பக்கத்துப் பிளாக்கில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பையனுக்குக் கடலூரில் வேலை. அவனுடைய அப்பா குறிஞ்சிப்பாடியில் கைலி மொத்த வியாபாரம் செய்பவர். மனிதர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து உட்கார்ந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. எல்லாவற்றையும் அவருடைய மனைவியே கேட்டார், அந்த அம்மாவே பதிலும் சொல்லிக்கொண்டார். காபி முடியும் சமயத்தில் டீவிக்குப் பக்கத்தில் வைத்திருந்த என் போன் விழித்துக்கொண்டு பலகையைக் காட்டியது. அப்போதுதான் மனிதர் முதல் தடவையாகப் பேசினார்.

"இது ஆடுவீங்களா?"

"சும்மாங்க. பஸ்ல போறப்போ, பொழுது போறதுக்கு."

"நானும் ஆடுவேங்க. கடையில ஒக்காந்துகினு."

அவ்வளவுதான். "கலந்து பேசிட்டுச் சொல்றோங்க" என்று அவர் மனைவி சொல்ல, கிளம்பிப் போனார்கள். அன்று சாயங்காலமே என் போனுக்கு அவரிடமிருந்து ஆட்ட அழைப்பு வந்தது. பெண்ணைப் பற்றிய பதில் வரவில்லை.

மகளிடம் பையன் எப்படி என்று கேட்டிருந்தோம். "பரவால்லப்பா" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லுக்கு உள்ள எடை எங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கே அதற்குமேல் சொன்னதில்லை. இதற்கு முன் வந்த வரன்களையெல்லாம் வந்தவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் வேண்டாமென்றவள். ஆகவே இந்த இடம் அமைய வேண்டும். அதைக் கெடுக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பதும் உடனே எனக்கு விளங்கிவிட்டது. ஜெயித்தால் மாப்பிள்ளையின் அப்பாவைப் பெண்ணின் அப்பா மட்டம் தட்டினான் என்றாகும். தோற்றால்?

"தோத்துடுங்க" என்றாள் மனைவி, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே. "நாம பொண்ணு வீட்டுக்காரங்க. அவரு ஜெயிச்சுட்டுச் சந்தோஷமா இருக்கட்டும். கல்யாணம் முடியட்டும், அப்புறம் எவ்ளோ வேணா ஜெயிச்சுக்குங்க."

பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு வெல்டருக்கு வேறு கருத்து இருந்தது. "ரொம்பத் தோத்தாலும் ஆபத்துண்ணே. பொண்ணோட அப்பா மக்குன்னா பேரப்புள்ளைங்க எப்படி வரும்னு யோசிப்பாங்க."

இரண்டும் நியாயமாகவே பட்டன. முடிவு செய்தேன்: தோற்க வேண்டும், ஆனால் மரியாதையாக, கொஞ்சமாக. ஏதோ கடைசி நேரத்தில் கை நழுவியது போல.

தோற்பது எவ்வளவு கடினம் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. வெல்வதற்கென்று வைத்திருந்த உபாயங்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பி மாட்டினேன். 'எஸ்' வந்தது, அதை மூன்று புள்ளிக்கு வீசினேன். உடனே இன்னொரு 'எஸ்' வந்தது. வெற்றுக் கட்டையைச் சின்னச் சொல்லில் தீர்த்தேன். கேட்காமலே அடுத்த வெற்றுக் கட்டையும் வந்தது. ஜெயிக்க வேண்டும் என்று தவித்த நாட்களில் இந்தக் கட்டைகளெல்லாம் எங்கே போயிருந்தன என்று தெரியவில்லை.

பிறகு வலது பக்க ஓரத்தில், கீழ்மூலையின் மூன்று மடங்குக் கட்டத்துக்கு ஒரு படி மேலே வந்து நிற்கும்படி, குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லை இறக்கி வைத்தேன். ஆட்டம் தெரிந்தவன் எவனும் அப்படி ஒரு வழியைத் திறந்துவிட மாட்டான். கல்யாண மண்டப வாசலைப் போல விரியத் திறந்து வைத்தேன், வாழைமரம் கட்டாததுதான் குறை. அவர் உள்ளே வரவில்லை. பலகையின் எதிர்மூலையில் ஒரு மூன்றெழுத்துச் சொல்லை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மறுநாள் இடது பக்கமும் ஒரு வாசலைத் திறந்தேன். அங்கும் வரவில்லை. கடை மூடும் நேரத்துக்குத் தவறாமல் ஒரு சிறிய சொல் வரும், அவ்வளவுதான். இவருக்கு ஆடத் தெரியவில்லையா, இல்லை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா?

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனைத் திறந்தேன். புதிதாக விழுந்த கட்டைகளைக் கலைத்துப் போடும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினேன். மூன்றாவது தடவையில் கட்டைகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன: எல், ஐ, ஜி, என், ஐ, டி, ஈ.

லிக்னைட்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பெல்ட்டில் என் கண்முன்னே ஓடுகிற பழுப்பு நிலக்கரி. நகக்கண்ணில் இருக்கிறது, சட்டைக் காலரில் இருக்கிறது, மனைவி துவைக்கும் தண்ணீரில் இருக்கிறது. அது ஏழெழுத்தாக என் கைக்கு வந்திருக்கிறது. ஏழு கட்டையையும் ஒரே தடவையில் இறக்கினால் கூடுதலாக ஐம்பது. வைப்பதற்கு இடம்? நானே திறந்து வைத்த வாசல். அடி வரிசையில் கடைசி 'ஈ' மூலையில் போய் அமர்ந்தால் மேலே நிற்கும் குண்டூசி 'பைன்' மரமாகிவிடும். இரண்டு சொல்லுக்கும் மூன்று மடங்கு.

வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மகளின் முகத்தை நினைத்தேன், மாதாவை நினைத்தேன். பஸ் வேகத்தடையில் குலுங்கி விரல் பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னேன். பொய். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தது.

தொண்ணூறு சொச்சம் புள்ளி.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து சொல் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் பலகை அப்படியே கிடந்தது, அடியில் என் லிக்னைட் பரந்து படுத்திருக்க. இந்த மூன்று நாட்களில் ஒரு நடுத்தர வயது மனிதன் எவ்வளவு கோமாளியாக முடியுமோ அவ்வளவும் ஆனேன். டவர் கிடைக்கவில்லையோ என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியைச் சுற்றினேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். 'தவறுதலாக ஜெயித்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று தட்டி, படித்துப் பார்த்து, அழித்தேன்.

"ஜெயிச்சிட்டீங்க இல்ல? ஒரு கப் வாங்கி அலமாரியில வைங்க. வர்றவங்களுக்குக் காட்டலாம்" என்றாள் மனைவி.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மகள், தலையைத் தூக்காமல் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அப்பா, அவரு ஆடிட்டாரா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி" என்றாள். ஏற்கெனவே டிக் அடித்த விடைக்கே மறுபடியும் டிக் அடித்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கைலி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். வடலூர் தாண்டும்வரை பணிவாக மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு தொழில்நுட்பக் கோளாறு என்று மாற்றிக்கொண்டேன்.

கடையில் ஷட்டர் பாதி திறந்திருந்தது. கைலிக் கட்டுகளுக்கு நடுவே அவர் மூக்குக் கண்ணாடியோடு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. ஒக்காருங்க மொதல்ல" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் ஒத்திகையைத் தொடங்குமுன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மூணு நாளா இத வெச்சிகினு முழிச்சிகினு இருக்கறேன். நீங்களே சொல்லுங்க, இதுல என்னாத்த வெக்கறது?"

பார்த்தேன். ஒரு 'கியூ', ஒரு 'வி', மற்ற ஐந்தும் உயிரெழுத்து. என் எதிரிக்குக்கூட வரக் கூடாத கை. எதிரி அவர்தான் என்பது சற்றுப் பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

"கட்டைய மாத்திக்கலாமே?"

"மாத்துனா ஒரு மொறை போவுதில்லீங்க. கடையத் தொறந்து வெச்சிகினு யாவாரம் வேணாம்ன்ற மாதிரி." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரே தொடர்ந்தார். "மொதல்ல நீங்க ஆடுனது எனக்குப் புடிக்கலைங்க."

"ஏங்க?"

"மூலைக்கு மூலை தொறந்து வெச்சிகினே போனீங்க. வெலை சொல்லாம சரக்கு குடுக்கறவன்கிட்ட நான் வாங்கறதில்ல. நாளைக்கு எது நெசம், எது பொய்யின்னு எப்படித் தெரியும்? அதான் அந்தப் பக்கமே வரல. அப்புறம் லிக்னைட்ட எறக்குனீங்க பாருங்க, அப்பத்தான் மனசு ஆறுச்சு. வூட்ல எல்லாருக்கும் காட்டுனேன். இதாங்க நெய்வேலிக்காரு ஆட்டம்னு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பலகைக்குள் வைத்துக்கொண்டேன். 'கியூ'வோடு 'ஐ' சேர்ந்தாலே ஒரு சொல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலே எழுத்தை மூன்று மடங்காக்கும் கட்டம் ஒன்று காலியாக இருந்தது. 'கியூ'வை அதில் வைத்தால் குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை என இரண்டு முறை புள்ளி சேரும். காட்டினேன். அவர் நம்பாமல் வைத்துப் பார்த்தார். அறுபது சொச்சம் புள்ளி அவர் கணக்கில் ஏறியது. அந்த மனிதர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

டீ வந்தது. எல்லா இரண்டெழுத்துச் சொற்களையும் சொல்லிக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு கட்டம் போட்ட கைலியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பணத்தை எடுத்தேன், கையைத் தள்ளிவிட்டார். நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாரு?"

"கோவமெல்லாம் இல்ல. பாவம், கியூவ வெச்சிக்கிட்டுக் கஷ்டப்பட்டிருக்காரு."

"பொண்ணு விஷயம்?"

அதைக் கேட்கத்தான் போனேன். கேட்கவே இல்லை.

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அது அதற்கும் மேற்பட்ட நிலை. பொறுமையாகக் கைலியை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "இதுக்காவது காசு குடுத்தீங்களா?"

"குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டாரு. 'சம்பந்திகிட்ட யாராவது காசு வாங்குவாங்களா'ன்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. உள்ளறையில் சிவப்புப் பேனா கீழே விழும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து அவர் மனைவி முறைப்படி போன் செய்து நாள் குறிப்பதைப் பற்றிப் பேசினார். ஆனால் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம் அந்தக் கைலியைப் பிரித்தபோதே முடிந்துவிட்டது.

ஆட்டம் மிச்சமிருந்தது. இனி பொய்யாக ஆடினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே அந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தெரிந்த வித்தையெல்லாம் காட்டி, மெய்யாகவே ஜெயிக்கப் பார்த்தேன். அவரோ நான் கற்றுக் கொடுத்த இரண்டெழுத்துகளை மூலைக்கு மூலை அடுக்கி என் வழியையெல்லாம் அடைத்தார். பொதுப் பையில் கட்டை தீர்ந்தபோது என் கையில் ஒரு 'வி' மாட்டிக்கொண்டது. அதை வைக்கப் பலகையில் ஓர் இடமும் இல்லை. ஒன்பது புள்ளியில் தோற்றேன். நான் முதலில் திட்டமிட்டது போலவே, மரியாதையாக, கொஞ்சமாக.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நெஜமாவா தோத்தீங்க?"

"நெஜமாதான்."

"இவ்ளோ சுலபமா வருது. இத மொதல்லயே செஞ்சிருக்கலாமில்ல?"