எனக்கே தூக்கிய பந்து

வாலிபாலில் ஒருவன் பந்தைத் தூக்கிக் கொடுப்பான், இன்னொருவன் எகிறி அடிப்பான். கைதட்டல் எல்லாம் அடிக்கிறவனுக்குத்தான். நான் அடிக்கிறவன். எனக்குத் தூக்கியவன் கடலூர் பக்கத்தில் குடிகாடு என்கிற ஊர்க்காரன். சொந்தமெல்லாம் இல்லை, பதினைந்து வயதிலிருந்து மச்சான், அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கை அவனுக்கு. விரல்களைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பான். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்க மாட்டான். "வெரலுக்குத் தனியா சோறு வடிக்கவாடா?" என்று அவன் அம்மா திட்டுவார்.

மங்கலம்பேட்டையில் ஒரு டோர்னமென்ட்டில் எகிறி இறங்கியபோது என் வலது முட்டியில் டப்பென்று ஒரு சத்தம். ஜவ்வு கிழிந்துவிட்டது, ஆபரேஷன் செய்து ஒரு வருஷம் ஆடாமல் இருக்க வேண்டும் என்றார்கள். இரண்டே மாதத்தில் சிதம்பரத்தில் ஒரு அரசுத் துறையின் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நிரந்தர வேலை. அடிக்கிறவன் ஒருவன், தூக்குகிறவன் ஒருவன். எங்கள் இருவருக்கும் வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது.

"முட்டி விஷயம் வெளிய தெரியக் கூடாது மச்சான்" என்றேன்.

"ஒன் முட்டிய நான் பாத்துக்கறேன். நீ கைய மட்டும் வீசு."

கடலூர் பீச் மணலில் தினமும் காலையில் பழகினோம். எதிராளி எகிறி மறிப்பதற்குள் வலையை ஒட்டித் தாழ்வாக ஒரு பந்து தருவான். நான் அரை ஜாண் எழும்பினால் போதும்.

சிதம்பரத்தில் தேர்வு நாளன்று வெயில் கொளுத்தியது. ஒரு முட்டிக்கு மட்டும் பட்டை போட்டால் சந்தேகம் வருமென்று இரண்டுக்கும் போட்டுக்கொண்டேன். முதல் செட்டில் பொளந்து கட்டினேன். தாழ்வான பந்தெல்லாம் எனக்கே வந்தது. மற்ற அடிப்பவர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது செட்டின் நடுவில் இடைவேளை விட்டார்கள். தண்ணீர் டிரம் தேர்வாளர்கள் மேசைக்குப் பக்கத்தில், வலைக் கம்பத்தோரம் இருந்தது. தேர்வாளர்களில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "தூக்கறவன் கை நல்ல கைதான். ஆனா ஒருத்தனுக்கே குடுக்கறானே. நாலு பேருக்கும் பிரிச்சிக் குடுத்து எதிராளிய ஏமாத்தத் தெரியலன்னா என்னா பிரயோஜனம்? இப்படியே ஆடுனா வேணாம்."

என் காதில் தெளிவாக விழுந்தது. 'மத்தவனுக்கும் குடுடா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நாலடி தள்ளிக் கம்பத்தில் சாய்ந்து நின்றான், கேட்டதாகத் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்தேன், பாட்டிலை அவன் கையில் கொடுத்தேன், உள்ளே போனேன். "மச்சான், எனக்கு! எனக்கு!" என்று முன்பைவிட ஜாஸ்தியாகக் கத்தினேன். அவனும் தூக்கினான். கடைசிப் பந்துவரை எனக்கே தூக்கினான்.

பட்டியலில் நான் இருந்தேன், அவன் இல்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு அவன்தான் என்னைவிடச் சந்தோஷப்பட்டான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் வேலையை விட்டுவிடவில்லையே!

மூன்று சீசன் ஆடினேன். அப்புறம் முட்டி ஒரேயடியாகப் போய்விட்டது. இப்போது ஆபீசில் வருகிற கடிதங்களுக்கு நம்பர் போடுகிறேன். அவன் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் டிரம் உருட்டுகிறான்.

போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். கிளாசைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடித்தான். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் இத்தனை வருஷம் மென்று முழுங்கியதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெரியவர் சொன்னதையும் நான் வாயைத் திறக்காததையும் சொல்லிவிட்டேன்.

அவன் டீயை ஊதினான். "எனக்கும்தான் கேட்டுச்சி. கம்பத்து கிட்டதான நின்னேன்."

"அப்பறம் ஏன்டா எனக்கே தூக்குனே?"

"நாலு பேருக்குப் பிரிச்சா, அவனுங்க ஒயரமா எகிறி அடிப்பானுங்க, நீ அரை ஜாண்தான் எகிறறது தெரிஞ்சிபூடும். மத்தவன் அடிக்கறத பாத்துட்டு ஒன்ன வேணாம்னுடுவாங்க."

டீக்கு நான் காசு கொடுத்தேன்.

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன் மச்சான்" என்றான். "சொல்லியிருந்தாலும் ஒனக்குத்தான் தூக்கியிருப்பேன்."

குடிகாட்டு பஸ் வந்தது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிப்போய் ஏறிக்கொண்டான். பாவி, நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.