மயில் வாலைப் பார்க்காத பாப்பா

லிட்டில் இந்தியாவில் இன்று ஒரு சுவரோவியத்தைப் படம் எடுக்கப் போனேன்.

ஓவியத்தின் முன் ஓர் அண்ணன் நின்றிருந்தார். ஊரிலிருக்கும் மகளுக்கு வீடியோ காலில் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, மயில் வாலைக் காட்டுங்க!” என்றது குழந்தை.

“அண்ணே, ஸ்கூல் ப்ராஜெக்ட். கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?” என்றேன்.

“எடும்மா, எடும்மா. பாப்பா இரு, அக்கா படிப்புக்கு எடுக்கிறாங்க.”

வெளிச்சம் சரியில்லை என்று நான் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

“முடிஞ்சது, இப்போ காட்டுங்க அண்ணே.”

“அவங்க அம்மா வேலைக்குக் கிளம்பணும்னு போனை வாங்கிட்டாங்கம்மா. பரவால்ல.”

மன்னிப்புக்கூடக் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

படம் அழகாக வந்திருக்கிறது. குறுக்கே ஒருவரும் இல்லை.

ஸ்லைடில் நேற்றே எழுதிவைத்த தலைப்பு: ‘கலை எல்லோருக்கும் சொந்தம்.’

வேறு தலைப்பு தோன்றினால் கமெண்டில் சொல்லுங்கள். நாளை காலை வகுப்பில் பேச வேண்டும்.